80 மி.மீ. தொலைநோக்கியால் எவ்வளவு தூரத்துக் கேலக்ஸியைப் படம் பிடிக்கலாம்?

கேள்வி: "என்னிடம் இருப்பது 80 மி.மீ. விட்டமுள்ள சின்னத் தொலைநோக்கி. இதை வைத்துக்கொண்டு ஆண்ட்ரோமீடாவைத் தாண்டி எதையும் படம் எடுக்க முடியாது, தூரத்துக் கேலக்ஸிகளுக்குக் குறைந்தது 8 அங்குலமாவது வேண்டும் என்கிறார்கள். உண்மையா? வாங்கியது வீணா?"

2025 பிப்ரவரி 20, இரவு 9.40

வீண் இல்லை. என்னுடையதும் 80 மி.மீ. தான், குவியத் தூரம் 480 மி.மீ. ஆறு வருடமாகக் கொல்லையில் அதையே நிறுத்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் இருக்கும் எம்81, எம்82 ஜோடி சுமார் 1.2 கோடி ஒளியாண்டு. நான் எடுத்த முதல் கேலக்ஸி படமே அந்த ஜோடிதான். ஒரே இரவு, ஒன்றரை மணி நேரம். எம்82-வின் நடுவில் குறுக்கே ஓடும் கருப்புத் தூசிக் கோடுகூட விழுந்திருந்தது.

தூரம் என்றாலே மங்கல் என்று நினைத்துவிடுகிறோம். கணக்கு அப்படி இல்லை. ஒரு கேலக்ஸியை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளினால் அதிலிருந்து வரும் ஒளி நான்கில் ஒன்றாகும். வானத்தில் அது பிடிக்கும் இடமும் நான்கில் ஒன்றாகும். ஆக ஒரு பிக்சலுக்கு வந்து சேரும் ஒளி அதேதான். கேலக்ஸி சிறுத்துப் போகும், மங்கிப் போகாது.

2025 பிப்ரவரி 20, இரவு 11.05

எவ்வளவு சிறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. என் கேமரா பழைய டிஎஸ்எல்ஆர், 6000-க்கு 4000 பிக்சல், ஒரு பிக்சல் 3.7 மைக்ரான். பிக்சல் அளவை 206-ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலை என்று வரும். எனக்கு ஏறக்குறைய 1.6.

எம்51 சுழல் கேலக்ஸி சுமார் 11 கலை அகலம். அப்படியென்றால் என் படத்தில் 410 பிக்சல் சொச்சம். கைகள், நடுக்கரு, ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கேலக்ஸி எல்லாம் தெரிய இது தாராளம். ஸ்டெஃபன் ஐவர் குழு மூன்று கலைக்குக் கொஞ்சம் மேல், அதாவது 120 பிக்சல். அதில் நான்கு கேலக்ஸிகள் சுமார் 29 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கின்றன. ஐந்தாவது, என்ஜிசி 7320, முன்னால் 4 கோடி ஒளியாண்டில் நிற்கிறது, பார்வைக்கு மட்டும் கூட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. 120 பிக்சலில் ஐந்தும் தனித்தனியாகத் தெரிகின்றன. போன வருடம் எடுத்தேன்.

2025 பிப்ரவரி 22, காலை 6.30

"மங்கிப் போகாது" என்று எழுதியதை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஓரளவுக்குத்தான் சரி.

கேலக்ஸி படத்தில் ஒரு பரப்பாக விழும் வரை அந்தக் கணக்கு நிற்கும். காற்றின் நடுக்கத்தால் எந்த விண்மீனும் மூன்று நான்கு விகலைக்குப் பரவித்தான் விழும். கேலக்ஸியோ அதன் கருவோ அந்தப் பரவலைவிடச் சின்னதாகிவிட்டால் அதுவும் புள்ளிதான். அதற்கப்புறம் தூரம் கூடக் கூட மங்கத்தான் செய்யும், இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கில் ஒன்று. இன்னும் பல நூறு கோடி ஒளியாண்டு என்று போனால் அண்டம் விரிவதால் பரப்பின் பொலிவே சரிகிறது. அங்கே 80 மி.மீ. என்பது உண்மையாகவே குறுக்கே நிற்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பலர் இதில் குழம்புகிறார்கள். குவிய விகிதம் (குவியத் தூரத்தை லென்ஸின் விட்டத்தால் வகுத்தால் வருவது) ஒன்றாக இருந்தால், கேமராவும் ஒன்றாக இருந்தால், பெரிய தொலைநோக்கியிலும் சின்னதிலும் ஒரு பிக்சலுக்கு விழும் ஒளி ஒன்றுதான். ஆனால் பெரியதில் அதே கேலக்ஸி நிறையப் பிக்சலில் விழும். ஆகவே விவரம் கூடும். புள்ளியாகத் தெரியும் பொருளுக்கு லென்ஸின் பரப்பு நேரடியாகவே கணக்கில் வரும். 8 அங்குலம் வேண்டும் என்று சொன்னவர்கள் இதை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

2025 பிப்ரவரி 26, இரவு 8.20

நாளை மறுநாள் அமாவாசை. அதற்குள் வானத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். தொலைநோக்கியின் அளவைவிட இதுதான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம், ஆறு வருடத்தில் அது மாறவில்லை.

வானத்தின் இருட்டை ஒரு சதுர விகலைக்கு இத்தனை மேக்னிட்யூட் (பொலிவை அளக்கும் அலகு) என்று அளப்பார்கள். எண் கூடக் கூட இருட்டு. என் கொல்லை 19.3. தெருவிளக்கெல்லாம் விட்டு இரண்டு மணி நேரம் வண்டியில் போனால் 21.5 கிடைக்கிறது. 5 மேக்னிட்யூட் என்பது 100 மடங்கு. எம்51-ன் ஓரத்தில் 24.3 உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் கொல்லையில் அந்த இடத்திலிருந்து வருவது, வானமே தரும் ஒளியில் நூறில் ஒரு பங்கு. 100 ரூபாய்ச் சில்லறைக் குவியலில் ஒரு ரூபாய் கூடியிருக்கிறதா என்று எண்ணிக் கண்டுபிடிக்கிற வேலை. ஒரே ஒரு ஃப்ரேமில் நடக்காது. நிறைய எடுத்து அடுக்க வேண்டும். அடுக்கினால் இரைச்சலுக்கு மேல் சமிக்ஞை எழும்புவது நேரத்தின் வர்க்கமூலமாகத்தான்: 1 மணி நேரப் படத்தைவிட இரண்டு மடங்கு சுத்தமாக வேண்டுமானால் 4 மணி, மூன்று மடங்குக்கு 9 மணி.

இரண்டு இடத்துக்கும் 2.2 மேக்னிட்யூட் வித்தியாசம், அதாவது 7.6 மடங்கு. அங்கே 50 நிமிடம் எடுத்ததற்கு ஈடாக இங்கே 6 மணி 20 நிமிடம் எடுக்க வேண்டும். இதை நான் எம்51-ல் செய்து பார்த்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் கைகள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. சின்னக் கேலக்ஸியைச் சுற்றி விரியும் மெல்லிய ஒளிப்புகை மட்டும் இருண்ட இடத்துப் படத்தில் ஒரு பிடி தூக்கல்.

2025 மார்ச் 2, அதிகாலை 3.50

தூங்கவில்லை. எம்51, மூன்று நிமிட ஃப்ரேம்கள், 74 எடுத்தேன், 33 தேறியது. ஒரு மணி வரை எல்லாம் சரியாகப் போனது. அப்புறம் விண்மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தன. ஃபோகஸ் நகர்ந்துவிட்டது என்று நினைத்து அதையே திருப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் டார்ச்சை முன்பக்கம் அடித்துப் பார்த்தால் லென்ஸ் முழுக்கப் பனி. வெள்ளைத் திரை போட்ட மாதிரி. முகத்தைக் கிட்டே கொண்டுபோனதில் என் மூச்சுக்காற்றும் பட்டு இன்னும் மோசமானது.

சூடேற்றும் பட்டையை லென்ஸுக்குச் சற்றுக் கீழே சுற்றிவிடுங்கள், ஆரம்பத்திலேயே. பனி விழுந்தபின் போட்டால் உலர அரை மணி ஆகும். துணியால் துடைக்கவே வேண்டாம்.

2025 மார்ச் 2, மாலை 5.15

ஃபோகஸ் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டினோவ் மாஸ்க். பிளாஸ்டிக் தட்டில் மூன்று திசையில் கோடு கோடாகப் பிளவு போட்டிருக்கும். பிரகாசமான விண்மீன் மேல் வைத்தால் ஒரு பெருக்கல் குறியும் நடுவே ஒரு கோடும் தெரியும். நடுக்கோடு பெருக்கல் குறியின் மையத்தில் வந்து உட்காரும்போது ஃபோகஸ் சரி. முடி அளவு திருப்பினாலும் கோடு ஒரு பக்கம் ஒதுங்குவது தெரியும். இரவில் வெப்பம் இறங்க இறங்கக் குழாய் சுருங்கும், அதனால் மணிக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பேன்.

எடுத்து முடித்ததும் மாஸ்க்கைக் கழற்ற மறக்காதீர்கள்.

2025 மார்ச் 6, இரவு 9.00

டார்க் ஃப்ரேம் (லென்ஸை மூடி வைத்து எடுக்கும் படம்) வேண்டுமா என்ற கேள்விக்கு: நான் எடுப்பதில்லை. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவே, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுன்ட்டைச் சில பிக்சல் தள்ளி நகர்த்தும் டிதரிங் இருந்தால் போதும். சென்சாரின் கோளாறுப் பிக்சல்கள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும், அடுக்கும்போது மென்பொருள் அவற்றைக் கழித்துவிடும்.

ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம்) மட்டும் கட்டாயம். குழாய் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விடியற்கால வானத்தைப் பார்க்க வைத்து, முப்பது படம். கேமராவைத் தொடக்கூடாது, திருப்பக்கூடாது. சென்சாருக்கு முன்னால் ஒட்டிய ஒரு தூசி படத்தில் மங்கிய வளையமாக விழும். கேலக்ஸியின் ஒளிப்புகை அதைவிட மங்கல். ஃப்ளாட் இல்லாமல் வளையத்தையும் ஒளிப்புகையையும் பிரிக்க வழியே இல்லை.

2025 மார்ச் 16, பகல் 2.10

நிலா பெரிசாக இருக்கிறது, எடுக்க ஒன்றுமில்லை. ஃபில்டர் பற்றி.

தெருவிளக்கை வெட்டும் ஃபில்டர் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன். நெபுலா என்ற வாயு மேகங்களுக்குப் பிரமாதம். கேலக்ஸிக்குப் பயனே இல்லை. காரணம் எளிது: நெபுலா ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று குறிப்பிட்ட சில அலைநீளங்களில் ஒளிர்கிறது, அதை மட்டும் விட்டு மற்றதை மறைக்கலாம். கேலக்ஸியின் ஒளி கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி, எல்லா நிறத்திலும் பரவி இருக்கிறது. இப்போதைய வெள்ளை எல்இடி விளக்கும் அப்படியே. ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் சேர்ந்தே போகும். இருட்டான இடத்துக்குப் போவதற்கு மாற்று கிடையாது, இல்லையென்றால் நிறைய மணி நேரம்.

2025 மார்ச் 17, காலை 7.00

நேற்று எழுதியதில் ஒரு பெரிய விதிவிலக்கை விட்டுவிட்டேன். எம்82-வின் மையத்திலிருந்து மேலும் கீழும் பீறிடும் சிவப்பு இழைகள் ஹைட்ரஜன் ஒளிதான், அதற்கு ஃபில்டர் உதவும். எம்51, எம்33 கைகளில் இருக்கும் இளஞ்சிவப்புப் பொட்டுகளும் அப்படித்தான்.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 2023 ஜனவரியில் ஆண்ட்ரோமீடாவுக்குப் பக்கத்திலேயே பிரம்மாண்டமான ஓர் ஆக்சிஜன் ஒளி வளைவு இருப்பதாக அறிவித்தார்கள். அதுவரை யாரும் பார்த்ததில்லை. கண்டுபிடித்தவர்கள் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் சாந்தி என்ற பொழுதுபோக்கு வானியலாளர்கள். அந்தப் படம் எடுத்தது 106 மி.மீ. தொலைநோக்கியில், 100 மணி நேரத்துக்கு மேல். உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட கேலக்ஸியின் பக்கத்தில், நம்முடையதைவிட ஒரு அங்குலம் பெரிய கருவியால்! சின்னது என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும்.

2025 மார்ச் 28, இரவு 11.55

கன்னி ராசிக் கேலக்ஸிக் கூட்டம். அதில் வரிசையாக நிற்கும் மார்கேரியன் சங்கிலி, எம்84-ம் எம்86-ம் ஒரு முனையில். ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கூட்டம் இது. 480 மி.மீ. குவியத் தூரத்துக்கென்றே வைத்த மாதிரி முழுச் சங்கிலியும் ஒரே படத்தில் அடங்குகிறது. பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இதற்கு நாலைந்து படம் எடுத்து ஒட்ட வேண்டும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. என்ஜிசி 4438 பக்கத்தில் ஒரு புள்ளி. போன வருடப் படத்தில் அது இல்லை. 15-ஆவது மேக்னிட்யூட் இருக்கும். கை நடுங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரேம்கள் முடியட்டும்.

2025 மார்ச் 29, அதிகாலை 1.40

சிறுகோள். முதல் ஃப்ரேமையும் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ஃப்ரேமையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தேன், இருபது பிக்சல் நகர்ந்திருந்தது. சிறுகோள்களைப் பட்டியலிடும் மைனர் பிளானட் சென்டரின் தேடலில் நேரத்தையும் இடத்தையும் கொடுத்ததும் அங்கே ஒன்று இருக்கிறது என்று காட்டிவிட்டது. சிறுகோள்கள் சூரியப் பாதையை ஒட்டியே சுற்றுகின்றன, கன்னிக் கூட்டம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. வசந்த காலத்தில் இங்கே எடுக்கும் படத்தில் ஒன்றிரண்டாவது மாட்டும்.

யாருக்காவது இப்படிப் புதுப் புள்ளி தெரிந்தால்: ஒற்றை ஃப்ரேமை நம்பி யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். முதலில் நகர்கிறதா பாருங்கள். அடுக்கிய படத்தில் தேடினால் அது கிடைக்காது, வேறு வேறு இடத்தில் இருப்பதால் சிக்மா கிளிப்பிங் (மற்ற ஃப்ரேம்களோடு ஒத்துப்போகாததை நீக்கும் கணக்கு) அதைக் குப்பை என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கும். நகராமல் நின்றால் அப்புறம்தான் சூப்பர்நோவா, அதாவது வெடித்த விண்மீன், என்ற வார்த்தையே.

நிற்கிற நாளும் வரும். 2023 மே 19-ல் ஜப்பானின் கொய்ச்சி இடகாகி எம்101 கேலக்ஸியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். 2.1 கோடி ஒளியாண்டு தூரம். மே 22-ல் என் 80 மி.மீ.யில் ஒரே ஒரு மூன்று நிமிட ஃப்ரேமில் அது பளிச்சென்று நின்றது, ஏப்ரல் படத்தில் அதே இடம் வெறும் கையின் ஓரம். 2.1 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒற்றை விண்மீனை நம் கொல்லையிலிருந்து பார்க்கிறோம்.

2025 ஏப்ரல் 1, இரவு 10.30

மழை மேகம். எம்51 பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது சுருள் வடிவம் என்று முதலில் தெரிந்தது 1845-ல். அயர்லாந்தில் பர் கோட்டையில் ரோஸ் பிரபு கட்டிய தொலைநோக்கியின் கண்ணாடி 72 அங்குலம், உலோகத்தில் வார்த்தது. என் லென்ஸைவிட 500 மடங்குக்கு மேல் பரப்பு. அதன் வழியாகக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார். அந்தப் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முக்கியமான கைகள் எல்லாம் அவர் வரைந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது, நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை பழையதை விட்டுவிடும். சென்சார் மூன்று நிமிடம் விடாமல் சேர்க்கிறது, நாம் அதை நூறு முறை செய்கிறோம். 500 மடங்கு வித்தியாசம் அங்கேதான் ஈடாகிறது.

1888-ல் ஐசக் ராபர்ட்ஸ் 20 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவைப் படம் எடுத்து அதன் சுருளைக் காட்டினார். அப்போது அதை ஒரு சூரியக் குடும்பம் உருவாகும் காட்சி என்றே எடுத்துக்கொண்டார்கள். அது தனி கேலக்ஸி என்று தெரிய 1923 அக்டோபரில் வானியலாளர் எட்வின் ஹபிள் மவுன்ட் வில்சனில் 100 அங்குலக் கண்ணாடியால் எடுத்த தகடு வேண்டியிருந்தது. பழைய ரசாயனத் தகடு தன் மேல் விழும் நூறு ஃபோட்டானில் ஒன்றிரண்டைத்தான் பதிவு செய்யும். இன்றைய சென்சார் பாதிக்கு மேல் பிடித்துவிடும். சின்னத் தொலைநோக்கிகளின் காலம் இது என்று சொல்வது அதனால்தான்.

2025 ஏப்ரல் 8, இரவு 9.20

மார்ச் 6-ல் டார்க் வேண்டாம் என்று எழுதியது தவறு. குறைந்தபட்சம் எல்லோருக்கும் பொருந்தாது.

குளிர்ந்த இரவுகளை வைத்து எழுதிவிட்டேன். இப்போது இரவே வெக்கையாக இருக்கிறது. சென்சார் தானாக உண்டாக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நேற்றைய படத்தைப் பின்னணி தெரிய உயர்த்தினால் ஒரே திசையில் சாய்வாக மழை பெய்த மாதிரி கோடுகள். டிதரிங்கில் நான் கொடுத்த நகர்வு மூன்று பிக்சல், மவுன்ட்டும் மெல்ல ஒரு பக்கமாகவே வழுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து கோளாறுப் பிக்சல்களைக் கோடாக இழுத்துவிட்டன. நகர்வைப் பன்னிரண்டு பிக்சலாக்கினேன், மூடி போட்டு அதே வெப்பத்தில் இருபது டார்க் எடுத்துக் கழித்தேன். கோடுகள் போய்விட்டன. என் பேச்சைக் கேட்டு டார்க்கை விட்டவர்கள் பழைய படங்களை ஒருமுறை உயர்த்திப் பாருங்கள்.

2025 ஏப்ரல் 9

பூமியின் தெற்குப் பாதியில் இருப்பவர்களுக்கு எம்51 நல்ல உயரத்துக்கு வராது. கவலை வேண்டாம், சென்டாரஸ் ஏ என்ற கேலக்ஸி இருக்கிறது, நடுவில் தூசிப் பட்டையோடு, 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில். என்ஜிசி 253-ம் உங்களுக்கு உச்சியில் வரும். எங்களுக்குக் கிடைக்காத யோகம் அது.

2025 ஏப்ரல் 19, மாலை 6.00

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு தூரம்?

புள்ளியாக இருந்தால் போதும் என்றால், ஏபிஎம் 08279+5255 என்று ஒரு குவேசார் (கேலக்ஸியின் நடுவில் கருந்துளையைச் சுற்றிப் பிரகாசிக்கும் கரு), 15.2 மேக்னிட்யூட். அதன் ஒளி 1200 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது. நம் கருவிக்கு அது பெரிய காரியம் இல்லை, அரை மணி நேரத்தில் விழும். ஆனால் படத்தில் அது வெறும் சிவந்த புள்ளி. எது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினால்தான் தெரியும்.

எனக்கு ஆசை வேறொன்றின் மேல். சப்தரிஷி மண்டலத்தில் என்ஜிசி 3079 என்று பக்கவாட்டில் தெரியும் கேலக்ஸி, 5 கோடி ஒளியாண்டு. அதற்குச் சற்று வடக்கே, அதே படத்திலேயே, இரட்டைக் குவேசார். 1979-ல் கண்டுபிடித்தார்கள். 6 விகலை இடைவெளியில் இரண்டு புள்ளிகள், இரண்டும் 17-ஐ ஒட்டிய மேக்னிட்யூட். உண்மையில் இருப்பது ஒரே ஒரு குவேசார். வழியில் சுமார் 400 கோடி ஒளியாண்டில் ஒரு கேலக்ஸி குறுக்கே நின்று, தன் ஈர்ப்பால் ஒளியை வளைத்து இரண்டாகக் காட்டுகிறது. ஈர்ப்பு வில்லைக்கு முதலில் கிடைத்த சாட்சியே இதுதான். ஒளி கிளம்பி ஏறக்குறைய 900 கோடி ஆண்டு ஆகிறது, அப்போது சூரியனே கிடையாது. அந்தக் கேலக்ஸியைக் கடக்கும்போது பூமி பிறந்து சில பத்துக் கோடி ஆண்டுதான் ஆகியிருந்தது.

6 விகலை என்றால் எனக்கு நாலு பிக்சல்கூட இல்லை. பச்சைப் பட்டையில் மட்டும் கணக்குப் போட்டால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் என் லென்ஸுக்கு வருவது நொடிக்கு ஏழெட்டு ஃபோட்டான். பிரிந்து தெரியுமா தெரியாதா என்பது காற்றின் கையில். 24-ஆம் தேதி முதல் மூன்று இரவு ஒதுக்கியிருக்கிறேன்.

2025 ஏப்ரல் 25, அதிகாலை 2.15

முதல் இரவு. காற்று நடுங்கிக்கொண்டே இருந்தது, விண்மீன்கள் நாலரை விகலை. இடுப்பு ஒடுங்கிய ஒரே பொட்டு, எட்டு என்ற எண் மாதிரி. இரண்டு என்று தெரிந்தவனுக்கு இரண்டு. தெரியாதவருக்கு நீண்டுபோன விண்மீன்.

என்ஜிசி 3079 மட்டும் ஊசி மாதிரி அழகாக விழுந்தது.

2025 ஏப்ரல் 27, பகல் 11.30

மூன்று இரவும் சேர்த்து 9 மணி 40 நிமிடம். நேற்று இரவுதான் காற்று அடங்கியது. பத்தரை மணிக்கு மேல் கெய்டிங் பிழை (விண்மீனைப் பின்தொடர்வதில் வரும் விலகல்) 0.8 விகலைக்கு இறங்கியது, விண்மீன்கள் 3.2. எல்லாவற்றையும் அடுக்காமல், விண்மீன் கூர்மையாக இருந்த ஃப்ரேம்களை மட்டும் பொறுக்கி, பாதியைத் தள்ளிவிட்டு அடுக்கினேன்.

பிரிந்துவிட்டது. 800 சதவீதம் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது: மேலே வெளிச்சமான நாலு கட்டம், அப்புறம் ஒரு வரிசை மங்கல், அப்புறம் கீழே மறுபடி நாலு கட்டம். இரண்டும் லேசான நீலம். சுற்றியுள்ள விண்மீன்கள் எல்லாம் மஞ்சளும் வெள்ளையும். நடுவே அந்த ஒரு வரிசை மங்கலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கூர்மையாக்கும் மென்பொருள் எதையும் இந்தப் படத்தில் தொடவில்லை. பயிற்சி கொடுத்த மென்பொருள் ஒரு நீண்ட பொட்டைப் பார்த்தால் தானே இரண்டு விண்மீனாக வரைந்துவிடக்கூடும். வேறு படத்தில் அழகுக்காகப் போட்டுக்கொள்ளலாம். இங்கே இருப்பதே அந்த ஒரு வரிசைதான், அது வானத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

8 அங்குலத்தில் இது இன்னும் சுலபமாக வந்திருக்கும், ஆறு மடங்கு ஒளி. அதை மறுக்கவில்லை.

2025 மே 3, இரவு 8.45

அக்கா மகள் வந்திருந்தாள், எட்டு வயது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "கண்ணு மாதிரி இருக்கு" என்றாள். ஒரே பொருள்தான் இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மாமா, ரெண்டுல எது முதல்ல கிளம்பினது?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான், எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பாதையும் ஒரே நீளம் கிடையாது. வானியலாளர்கள் வருடக்கணக்கில் இரண்டின் பொலிவையும் அளந்து, வடக்குப் புள்ளியில் தெரியும் ஏற்ற இறக்கம் தெற்குப் புள்ளியில் 417 நாள் கழித்துத் தெரிகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே என் படத்தில் கீழே இருப்பது பழசு. ஒரே குவேசாரின் இரண்டு வயது, நாலு பிக்சல் இடைவெளியில். அவளுக்கு இப்படிச் சொன்னேன்: "கீழே இருக்கறது சுத்து வழியில வந்துது. அதனால முன்னாடியே கிளம்பியிருக்கு." அவளுக்குப் புரிந்தது.

ஏப்ரல் 26 இரவு வடக்குப் புள்ளியில் விழுந்த ஒளிக்குக் கூடவே கிளம்பியது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. 417 நாள் எண்ணிப் பார்த்தேன், 2026 ஜூன் 17. அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், நிலா தொந்தரவு இல்லை. அந்த மாதம் குவேசார் இருட்டும்போதே மேற்கே சாய்ந்திருக்கும், அதனால் எம்51 பக்கம் போகாமல் முதல் வேலையாக அதைத்தான் பிடிக்க வேண்டும். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி இருந்தாலும் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.